ஐந்து செட் யாருக்குப் பாரம்?

ஆண்கள் டென்னிஸில் ஐந்து செட் ஆட்டத்தை மூன்றாகக் குறைத்துவிட வேண்டும் என்ற பேச்சு ஓயவே ஓயாது. ஏதாவது ஓர் இறுதிப் போட்டி ஐந்து மணி நேரத்தைத் தாண்டினால் போதும், மறுநாள் காலையே கிளம்பிவிடும். அந்தப் பேச்சின் காரணங்கள் எனக்கு மனப்பாடம். இன்றைய ரசிகனுக்குப் பொறுமை இல்லையாம். அரை நிமிட வீடியோவில் வளர்ந்த பிள்ளைகள் அரை நாள் உட்கார மாட்டார்களாம். ஆட்டக்காரர்களின் உடம்பு தாங்காதாம். கிரிக்கெட்டே சுருங்கித்தான் பிழைத்ததாம். பெண்கள் மூன்று செட் ஆடும்போது ஆண்களுக்கு மட்டும் எதற்கு ஐந்து என்று கடைசியாக ஒரு நியாயமும் பேசுவார்கள்.

இதில் கடைசி ஒன்றைத் தவிர மற்றது எதுவும் நிற்காது. அந்தக் கடைசி ஒன்றும் அவர்கள் சொல்லும் பக்கம் நிற்காது.

முதலில், எதை வெட்டச் சொல்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். 2025 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை. பாரிஸில் பிரெஞ்சு ஓபன் இறுதிப் போட்டி, இத்தாலியின் சின்னரும் ஸ்பெயினின் அல்கராஸும். சின்னருக்கு 23 வயது, அல்கராஸுக்கு 22. சின்னர் அந்தத் தொடரில் அதுவரை ஒரு செட்டைக்கூட இழக்கவில்லை. முதல் செட் 6-4, இரண்டாவது 7-6, இரண்டும் அவருக்கே. மூன்று செட் ஆட்டமாக இருந்திருந்தால் அத்தோடு கைகுலுக்கிவிட்டுக் கோப்பையைக் கொடுத்திருப்பார்கள். நாமும் சாப்பிடப் போயிருப்போம். அல்கராஸ் தன் வாழ்க்கையில் அதுவரை இரண்டு செட் பின்தங்கிய எந்த ஆட்டத்தையும் ஜெயித்ததில்லை என்பதால், அப்படி முடிந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

மூன்றாவது செட் அல்கராஸுக்கு. நான்காவதில் 5-3 என்று சின்னர் முன்னால். சர்வ் அல்கராஸ் கையில், புள்ளி 0-40. மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட். இந்தியாவில் அப்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. மூன்றையும் அல்கராஸ் காப்பாற்றினார். அடுத்த கேமில் கோப்பைக்காக சர்வ் போட வந்த சின்னரின் சர்வையும் உடைத்தார். டை-பிரேக்கில் அந்த செட்டை எடுத்தார். ஐந்தாவதில் கதை திரும்பியது. இப்போது 5-4 என்ற நிலையில் முடித்துவைக்க சர்வ் போட்டவர் அல்கராஸ், உடைத்தவர் சின்னர். 6-6 வந்து, பத்துப் புள்ளி டை-பிரேக்கில் அல்கராஸ் 10-2 என்று முடித்தார். 5 மணி 29 நிமிடம். பிரெஞ்சு ஓபன் வரலாற்றிலேயே மிக நீண்ட இறுதிப் போட்டி. மொத்தப் புள்ளிகளைக் கூட்டினால் சின்னருக்கு 193, அல்கராஸுக்கு 192. ஒரு புள்ளி அதிகம் எடுத்தவர் தோற்றார்.

இதில் எந்த இரண்டு செட் அனாவசியம் என்று சுருக்கச் சொல்பவர்கள் காட்டட்டும்.

டென்னிஸில் கடிகாரம் கிடையாது என்பதை எல்லாரும் சொல்வார்கள். அதனால் என்ன ஆகிறது என்பதை யாரும் முழுதாகச் சொல்வதில்லை. கால்பந்தில் ஒரு கோல் முன்னால் இருக்கும் அணி, கடைசிப் பத்து நிமிடம் பந்தை மூலைக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தலாம். ஒருநாள் கிரிக்கெட்டில் ஓவர் தீர்ந்துவிட்டால் தப்பித்துவிடலாம், டெஸ்டில் கட்டை போட்டு டிரா செய்யலாம். டென்னிஸில் முன்னால் இருப்பவனுக்கு ஒளிய இடமே இல்லை. கடைசிப் புள்ளியை அவனே, அவன் கையாலேயே எடுக்க வேண்டும். 0-40 வரை வந்து நின்றவனுக்கும் அதுதான் சட்டம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிற பயம் இந்த ஆட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. அந்தப் பயம் வேலை செய்ய நேரம் வேண்டும். மூன்று செட்டில் மோசமான அரை மணி நேரம் ஒன்று வந்தால் பாதி ஆட்டம் போய்விட்டது. ஐந்தில், எதிராளியைப் படிக்கலாம், உத்தியை மாற்றலாம், ஒரு செட்டை விட்டுக்கொடுத்துக்கூட மூச்சு வாங்கலாம். 2019 விம்பிள்டன் இறுதியில் ஜோகோவிச் இரண்டாவது செட்டை 1-6 என்று விட்டார், நான்காவதையும் விட்டார். டை-பிரேக் வந்த மூன்று செட்டையும் எடுத்துக் கோப்பையை வாங்கினார். ஃபெடரர் 8-7, 40-15 என்று இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட் வைத்திருந்தும் தோற்றார். மொத்தப் புள்ளியிலும் அவரே அதிகம், 218-க்கு 204.

நடுவில் சலிப்பு வராதா? வரும். நீண்ட இறுதிப் போட்டியில் ஒரு செட் உப்புச்சப்பில்லாமல் போவது வழக்கம்தான், அந்த 6-1 அப்படிப்பட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாம். (எங்கள் வீட்டில் அதற்கும் தடை உண்டு. நல்ல நிலையில் இருக்கும்போது எவர் எழுந்தாலும் ஆட்டம் மாறிவிடும் என்று ஒரு நம்பிக்கை.) ஆனால் அந்த சலிப்பான செட்டைப் பார்த்தவனுக்குத்தான் ஐந்தாவது செட்டில் எவன் கால் கனக்கிறது, எவன் பாசாங்கு செய்கிறான் என்று தெரியும். ஹைலைட்ஸ் பார்ப்பவனுக்கு அடி தெரியும், அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

சரி, பொறுமை இல்லாத அந்த ரசிகனிடம் வருவோம். அவன் யார், எங்கே இருக்கிறான்?

நான் பார்ப்பது விம்கோ நகரிலிருந்து. தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரை வைத்துக்கொண்ட ஊர். சுற்றிலும் டயர், லாரி, மோட்டார் சைக்கிள், உரம், எண்ணெய் என்று தொழிற்சாலைகள். கிழக்கே கடல், வடக்கே எண்ணூர். டென்னிஸ் ஊர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மெட்ரோ 2021-ல்தான் வந்தது. அதற்கு முன் நுங்கம்பாக்கம் டென்னிஸ் ஸ்டேடியத்துக்குப் போக வேண்டுமென்றால் கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் பீச் வந்து, தாம்பரம் வண்டிக்கு மாற வேண்டும். பணக்காரன் ஆட்டம், உனக்கெதற்கு என்ற கேள்வியை இங்கே நிறையக் கேட்கலாம். மட்டை விலையையும் கோர்ட் வாடகையையும் பார்த்தால் அந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. ஆனால் அது ஆடுவதைப் பற்றிய உண்மை. பார்ப்பதற்கு ஒரு டி.வி. போதும், கேபிள்காரர் அந்தச் சேனலை நிறுத்தாமல் இருந்தால்.

இந்த ஊரின் கடிகாரம் ஷிப்ட் கடிகாரம். செகண்ட் ஷிப்ட் முடிந்து இரவு பதினொரு மணிக்கு வீடு வருகிறவருக்கு சாயங்கால சீரியலும் கிடையாது, எட்டு மணிச் செய்தியும் கிடையாது. அந்த ஜூன் 8 அன்று, அந்த நேரத்துக்கு வந்து கைகால் கழுவி உட்கார்ந்தவருக்குக் கிடைத்தது அல்கராஸ்-சின்னர் ஐந்தாவது செட். 2008 விம்பிள்டன் இறுதியில் நடால் ஃபெடரரை 9-7 என்று வென்றபோது லண்டனில் இருட்டிக்கொண்டிருந்தது. இங்கே திங்கள் விடிகாலை ஒன்றேமுக்கால். அமெரிக்க ஓபன் இறுதி எப்போதுமே நமக்கு நடுராத்திரிதான். 2012 ஆஸ்திரேலிய ஓபனில் ஜோகோவிச்சும் நடாலும் 5 மணி 53 நிமிடம் ஆடினார்கள். கிராண்ட்ஸ்லாம் இறுதிகளில் அதைவிட நீண்டது இன்றுவரை இல்லை. பரிசளிப்பில் நிற்க முடியாமல் இருவருக்கும் நாற்காலி போட்டார்கள். மெல்போர்னில் விடிகாலை ஒன்றரை, நமக்கு ஞாயிறு இரவு எட்டு. மதியம் சாப்பிட்டு உட்கார்ந்தவர்கள் இருட்டிய பிறகு எழுந்தார்கள். இதையெல்லாம் பார்த்த மக்களிடம்தான் உங்களுக்குப் பொறுமை இல்லை என்கிறார்கள்.

பொறுமையற்றவன் வேறு இடத்தில் இருக்கிறான். ஆட்டம் எப்போது முடியும் என்று தெரியாவிட்டால் அடுத்த நிகழ்ச்சியை எங்கே வைப்பது என்று தவிப்பது ஒளிபரப்பு அட்டவணை. விளம்பர நேரத்தை முன்கூட்டி விற்க முடியாதது அவர்களின் கஷ்டம். அது நியாயமான வியாபாரக் கஷ்டமாகவே இருக்கட்டும். அதை வியாபாரக் கஷ்டம் என்றே சொல்லலாமே. ரசிகன் தலையில் ஏன் கட்ட வேண்டும்?

உழைக்கிறவனுக்கு நேரம் ஏது என்று இரக்கத்தோடு கேட்பவர்களும் உண்டு. எட்டு மணி நேர வேலை என்பது வடசென்னைக்குப் புத்தகத்தில் படித்த விஷயமல்ல. 1923-ல் இதே நகரத்தின் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். மீதி நேரம் தொழிலாளிக்குச் சொந்தம் என்பதும் அந்தக் கோரிக்கைக்குள் இருக்கிறது. அதில் ஐந்தரை மணி நேரத்தை ஓர் இத்தாலியனுக்கும் ஒரு ஸ்பெயின்காரனுக்கும் கொடுப்பதா, தூங்குவதா என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

கிரிக்கெட்டைக் காட்டி வாதாடுபவர்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். டி20 வந்தபோது யாரும் டெஸ்ட் போட்டியை இருபது ஓவராக வெட்டவில்லை. டெஸ்ட் தனியாக ஐந்து நாளாகவே இருக்கிறது. டென்னிஸிலும் அந்த ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. ஆண்டு முழுக்க ஊர் ஊராக நடக்கும் ஏ.டி.பி. தொடர்கள் எல்லாம் மூன்று செட்தான். இங்கே 1997 முதல் 2017 வரை நடந்த சென்னை ஓபன் ஒற்றையர் ஆட்டமும் மூன்று செட்டே. ஐந்து செட் மிச்சமிருப்பது ஆண்டுக்கு நான்கே நான்கு தொடர்களில். அந்த நான்கிலும், முடிவே இல்லாமல் இழுப்பதற்கு 2022-லேயே கதவை அடைத்துவிட்டார்கள். ஐந்தாவது செட்டில் 6-6 வந்தால் பத்துப் புள்ளி டை-பிரேக். 2010-ல் இஸ்னரும் மஹூத்தும் விம்பிள்டன் முதல் சுற்றில் மூன்று நாட்களாக 11 மணி 5 நிமிடம் ஆடி, கடைசி செட் 70-68 என்று போனதே, அது இனி நடக்காது. அந்தத் திருத்தத்தில் எனக்குச் சண்டை இல்லை. 70-68 ஆட்டமே அல்ல, தண்டனை. ஆனால் அந்த நோய்க்கு மருந்து கொடுத்தாயிற்று. இனியும் கத்தியை எடுப்பது எதற்கு?

அவசர அவசரமாக முடித்துவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2019 ஜூலை 14 ஒன்றே போதும். விம்பிள்டன் இறுதி நடந்த அதே ஞாயிறு, அதே லண்டனில், லார்ட்ஸில் உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி. ரிமோட்டை வைத்துக்கொண்டு இரண்டுக்கும் மாறி மாறிப் போனவர்கள் நாட்டில் லட்சக்கணக்கில் இருப்பார்கள். இங்கிலாந்து 241, நியூசிலாந்து 241. சூப்பர் ஓவரில் இருவரும் 15. உடனே பவுண்டரிகளை எண்ணி, 26-க்கு 17 என்று கோப்பையை இங்கிலாந்திடம் கொடுத்தார்கள். நியூசிலாந்து எதில் தோற்றது என்று இன்றும் யாராலும் சொல்ல முடியாது. ஐ.சி.சி.யே மூன்று மாதத்தில் அந்த விதியைத் தூக்கிவிட்டது. அன்றிரவு ஃபெடரர் எதில் தோற்றார் என்று குழந்தைகூடச் சொல்லும். 8-7, 40-15.

அடுத்து உடம்பு. இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வடசென்னைக்குக் குத்துச்சண்டை தெரியும். உலகப் பட்டச் சண்டைகள் முன்பு 15 சுற்று. 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மான்சினியோடு மோதிய கொரிய வீரர் டுக் கூ கிம் பதினான்காவது சுற்றில் விழுந்தார், சில நாட்களில் இறந்தார். அதன்பின் 12 ஆக்கினார்கள். அது சரி. உயிர் போகும் இடத்தில் ரசிகனின் சுவையைப் பேசக் கூடாது.

டென்னிஸில் உடம்பைக் கெடுப்பது எது என்பதுதான் கேள்வி. 2006-ல் ரோம் நகர இறுதியில் நடாலும் ஃபெடரரும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆடினார்கள். அடுத்த வாரம் ஹாம்பர்க் தொடரிலிருந்து இருவரும் விலகிக்கொண்டார்கள். இதைக் காட்டித்தான் மாஸ்டர்ஸ் இறுதிகளை மூன்று செட்டாக்கினார்கள். நன்றாகப் பாருங்கள். இரண்டு பெரிய தொடர்களை இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்த வாரம் வைத்தவர்கள் யார்? குற்றம் அட்டவணையில், தண்டனை ஆட்டத்துக்கு.

மூன்று செட் உடம்பைக் காப்பாற்றும் என்பவர்களுக்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. 2008 ஜனவரி, நுங்கம்பாக்கம், சென்னை ஓபன் அரையிறுதி. நடாலும் கார்லோஸ் மோயாவும். 6-7, 7-6, 7-6. மூன்றே செட், ஆனால் 3 மணி 54 நிமிடம். ஜெயித்த நடால் மறுநாளே இறுதியில் மிகயில் யூஷ்னியோடு இறங்க வேண்டியிருந்தது. 6-0, 6-1 என்று தோற்றார். உலகின் இரண்டாம் நிலை வீரர் ஒரே ஒரு கேம் எடுத்தார். டிக்கெட் வாங்கிப் போனவர்கள் பார்த்தது களைத்துப்போன ஒரு மனிதனைத்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கிலும் மூன்று செட் இப்படி நீண்டது. அரையிறுதியில் ஃபெடரரும் டெல் போட்ரோவும் மூன்று செட்டை 4 மணி 26 நிமிடம் ஆடினார்கள், கடைசி செட் 19-17. கிராண்ட்ஸ்லாமில் ஐந்து செட் வைத்திருப்பதோடு, பொதுவாக ஓர் ஆட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நாள் ஓய்வும் வைத்திருக்கிறார்கள். உடம்பைக் காப்பது அந்த ஓய்வு நாள். வீரர்கள் மேல் உண்மையான அக்கறை இருந்தால் பதினோரு மாதம் நீளும் ஆண்டு அட்டவணையில் கை வைக்கட்டும். அங்கே கை வைத்தால் வருமானம் குறையும் என்பதால் அந்தப் பக்கம் யாரும் திரும்புவதில்லை.

சுருக்கிப் பார்த்த அனுபவமும் நமக்கு உண்டு. டேவிஸ் கோப்பை. நூறு ஆண்டுக்கு மேல் ஐந்து செட்டாக, உள்ளூர்-வெளியூர் என்று நடந்த போட்டி. கால்பந்து வீரர் ஜெரார்ட் பிக்கேயின் கோஸ்மோஸ் நிறுவனம் 25 ஆண்டுக்கு 300 கோடி டாலர் தருவதாகச் சொன்னதும், 2019-ல் மூன்று செட், ஒரே ஊர், ஒரே வாரம் என்று மாற்றினார்கள். சீக்கிரம் முடியும் என்பதற்காகத்தானே மாற்றினீர்கள்? மாட்ரிட்டில் நடந்த அந்த முதல் ஆண்டிலேயே இத்தாலி-அமெரிக்கா ஆட்டம் விடிகாலை நான்கு மணிக்கு முடிந்தது. 2023 ஜனவரியில் அந்த ஒப்பந்தமும் முறிந்தது. சொன்ன ரசிகர் கூட்டமும் வரவில்லை, சொன்ன பணமும் வரவில்லை. ஐந்து செட் மட்டும் போனது போனதுதான்.

டேவிஸ் கோப்பை என்றால் நமக்கு ராமநாதன் கிருஷ்ணன். 1966 டிசம்பர், கல்கத்தா சவுத் கிளப் புல்தரை, பிரேசிலோடு மோதல். 2-2 என்று சமமாகி, கடைசி ஆட்டத்தில் கிருஷ்ணனும் தாமஸ் கோச்சும். முதல் செட் 3-6 போனது, இரண்டாவது 6-4 வந்தது, மூன்றாவது 10-12 போனது. இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இப்போதைய டேவிஸ் கோப்பை விதிப்படி ஆட்டம் முடிந்தது. கிருஷ்ணன் தோற்றார், இந்தியா வீட்டுக்குப் போனது. அன்றைய விதிப்படி நான்காவது செட் இருந்தது. அதிலும் 2-5 என்று பின்தங்கினார். அங்கிருந்து 7-5, 6-2 என்று எடுத்தார். இந்தியா முதல்முறையாக டேவிஸ் கோப்பையின் இறுதிக் கட்டத்துக்கு, மெல்போர்னுக்குப் போனது. விம்பிள்டனில் இரண்டு முறை அரையிறுதி வரை போன கிருஷ்ணனின் பெயரைச் சொன்னால் பெரியவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த ஆட்டம்தான். மூன்று செட் உலகத்தில் அது நடந்தே இருக்காது.

எட்டு ஆண்டு கழித்து, 1974-ல், அதே கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவோடு. விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் இரட்டையர் ஆட்டத்தை 17-15, 6-8, 6-3, 16-18, 6-4 என்று ஜெயித்தார்கள். அந்த மோதலின் ஐந்து ஆட்டங்களிலும் சேர்த்து 327 கேம்கள். அந்த ஆண்டு இந்தியா மறுபடியும் இறுதிக்குத் தகுதி பெற்றது. நிறவெறி தென்னாப்பிரிக்காவோடு ஆட மாட்டோம் என்று அந்த இறுதியை விட்டுக்கொடுத்தது வேறு கதை, அதுவும் பெருமையான கதைதான். ஐந்து செட் நமக்குக் கொடுத்தது மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். 1973 விம்பிள்டன் கால் இறுதியில் விஜய் அமிர்தராஜ் கோடெஷிடம் ஐந்தாவது செட்டில் 7-5 என்று தோற்றார். அந்த ஆண்டு கோப்பை வாங்கியவர் கோடெஷ். சின்னரையே பாருங்கள். பாரிஸில் அவரிடமிருந்து பறித்த இதே விதிதான் 2024-ல் மெல்போர்னில் மெட்வெடேவிடம் இரண்டு செட் பின்தங்கியிருந்த அவருக்கு முதல் கிராண்ட்ஸ்லாம் கோப்பையைக் கொடுத்தது.

இனி அந்தக் கடைசி நியாயம். பெண்களுக்கு மூன்று, ஆண்களுக்கு ஐந்து என்பது அநீதி. ஒப்புக்கொள்கிறேன். அநீதியைச் சரிசெய்ய ஆண்களிடமிருந்து பிடுங்க வேண்டும் என்பதை எங்கிருந்து பிடித்தார்கள்? கூலி குறைவாக இருப்பவருக்குச் சமநீதி வழங்க மற்றவர் கூலியை வெட்டும் முதலாளியின் கணக்கு இது. பெண்களால் முடியாது என்பதும் இல்லை. 1984 முதல் 1998 வரை பெண்களின் ஆண்டிறுதிச் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி ஐந்து செட்டாகத்தான் நடந்தது. 1990-ல் நியூயார்க்கில் பதினாறு வயது மோனிகா செலஸ், கேப்ரியலா சபாட்டினியை 6-4, 5-7, 3-6, 6-4, 6-2 என்று வென்றார். அதுவும் மூன்று செட்டாக இருந்திருந்தால் ஜெயித்தவர் சபாட்டினி. 1996-ல் ஸ்டெஃபி கிராஃபும் மார்ட்டினா ஹிங்கிஸும் ஐந்து செட் ஆடினார்கள். பிறகு அந்த ஏற்பாட்டைக் கைவிட்டுவிட்டார்கள்.

எனவே சுருக்கச் சொல்லும் கமிட்டிக்காரர்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் பெண்கள் இறுதிப் போட்டியை மட்டுமாவது ஐந்து செட்டாக்குங்கள். இறுதி சனிக்கிழமை, அதற்குப் பிறகு அவர்களுக்கு ஒற்றையர் ஆட்டம் எதுவும் கிடையாது, களைப்பு என்ற சாக்கும் இல்லை. பார்க்க ஆள் இருக்காது என்ற கவலையும் வேண்டாம். செகண்ட் ஷிப்ட் விடும் நேரத்துக்கு ஐந்தாவது செட் ஓடிக்கொண்டிருந்தால் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அன்று வண்டிகள் கொஞ்சம் வேகமாகத்தான் போகும்.